இல்லாத தேதியில் பிறந்த மேஸ்திரி

5

"இல்லாத தேதியில பொறந்தவனுக்குப் பேப்பர்ல எப்படிய்யா பிறந்த நாள் போடுவான்?" என்று கேட்டுவிட்டு, இன்ஸ்பெக்டர் பல்லிடுக்கில் சிக்கியிருந்ததை நாக்கால் துழாவினார்.

கொக்கியாருக்குக் கோபம் வந்தது. எப்போதும் அவருக்கு முதலில் கோபம் வரும், யோசனை அதற்குப் பிறகுதான் வரும்.

கொக்கி என்பது ஊர் வைத்த பெயர். முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்தவர். ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனால் டிக்கெட்டை நீட்டுகிற கை நடுங்குகிறதா இல்லையா என்று பார்க்க எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தராது. யார் எதைச் சொன்னாலும் அதில் ஒரு கொக்கியை மாட்டி இழுத்துப் பார்ப்பார். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தும் அந்தப் புத்தி போகவில்லை. ஊராருக்குத் துப்பறிந்து கொடுப்பதையே தொழிலாக்கிக்கொண்டார்.

அவருக்குப் பக்கத்தில், ஒரு கால் ஆடுகிற பெஞ்சில், அவர் மனைவியின் தம்பி உட்கார்ந்திருந்தான். நாற்பது வயசு. அவருக்கு உதவியாள். எழுதப் படிக்க, போன் பேச, வாயாட எல்லாவற்றுக்கும் அவன்தான். வாயாடுவதை யாரும் கேட்காமலே செய்வான்.

"சார், சட்டப்படி பார்த்தா பிப்ரவரி இருபத்தொன்பதுல பொறந்தவங்க யாருமே பொறக்கலைன்னு சொல்றீங்களா?" என்றான் மைத்துனன்.

"உன்னை யாரும் கேக்கல," என்றார் இன்ஸ்பெக்டர்.

விஷயம் இதுதான். பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி, காலை ஐந்தே முக்கால் மணிக்கு ஓர் அட்டைப்பெட்டிக் கிடங்கு எரிந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த வாட்ச்மேன் உடம்பெல்லாம் வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அதற்கு இரண்டு நாள் முன்னால் முதலாளியோடு சண்டை போட்டு வேலையை விட்டு நின்ற ஒரு பையனைப் போலீஸ் பிடித்து வைத்திருக்கிறது. நாளைக் காலை கோர்ட்டுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். அவனுடைய அக்கா ஒரு தையல்காரி. அப்பா அம்மா இல்லாமல் அவனை வளர்த்தவள். அவள்தான் கொக்கியாரைத் தேடி வந்தாள்.

தீப்பிடித்த நேரத்தில் பஸ் நிலையத்துச் சலூனில் இருந்தேன் என்கிறான் பையன். சலூன்காரரும் ஆமாம் என்கிறார். எந்தத் தேதி என்று கேட்டால் அவருக்குத் தெரியவில்லை. "பேப்பர்ல நம்ம மணிக்கூண்டு கட்டின மேஸ்திரியோட பிறந்த நாள்னு போட்டிருந்தானே, அன்னிக்கு" என்கிறார். அந்தப் பேப்பரில் தினமும் 'இதே நாளில்' என்று ஒரு பத்தி வரும். யார் பிறந்தார், யார் செத்தார், என்ன நடந்தது என்று நாலைந்து வரி.

இன்ஸ்பெக்டர் இருபத்தெட்டாம் தேதிப் பேப்பரை எடுத்துப் பார்த்தார். மேஸ்திரி இல்லை. பேப்பர் ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டார். மேஸ்திரி பிறந்தது பிப்ரவரி இருபத்தொன்பது என்றார்கள். இந்த வருஷம் பிப்ரவரிக்கு இருபத்தெட்டு நாள்தான். சாட்சி பொய் என்று எழுதி முடித்துவிட்டார்.

"சலூன்காரன் அவனுக்குச் சிநேகிதன். பேசி வச்சுப் புளுகுறான். புளுகுறவனுக்கு ஒரு காலண்டர் வாங்கிக் கொடுத்திருக்கலாம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

ஸ்டேஷனுக்கு வெளியே சுவரோரம் தையல்காரி நின்றிருந்தாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றி வைக்கக்கூட மறந்து வந்திருக்கிறாள்.

"ஐயா, என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. நீ வீட்டுக்குப் போ."

"போக மாட்டேன்," என்றாள் அவள்.

அதற்கு மேல் அவளிடம் பேச்சு வைத்துக்கொள்ளாமல் கொக்கியார் நடந்தார்.

*

சலூனில் மூன்று நாற்காலி. இரண்டில் ஆள் இருந்தது. மூன்றாவதில் சலூன்காரரே உட்கார்ந்து, தன் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பேப்பரைக் காட்டுங்க," என்றார் கொக்கியார்.

"எந்தப் பேப்பரு?"

"மேஸ்திரி பேப்பரு."

"அது எப்பவோ போச்சு. நான் சவரம் பண்ணா நுரையை எதுல தொடைப்பேன்னு நெனைக்கிறீங்க? உங்க சட்டையிலயா?"

மைத்துனன் குப்பைக் கூடையை எட்டிப் பார்த்தான். "மாமா, உள்ள நிறைய சரித்திரம் கிடக்கு. எல்லாத்துலயும் மசுரு ஒட்டியிருக்கு."

"போலீஸ்கிட்ட இருக்கிற பேப்பர்ல மேஸ்திரி இல்லியே," என்றார் கொக்கியார்.

"என் பேப்பர்ல இருந்தான். நானும் அந்தத் தம்பியும் அரை மணி நேரம் சண்டை போட்டோம். மணிக்கூண்டு ஒரு பக்கம் சாஞ்சிருக்கே, அது மேஸ்திரி தப்பா, மண்ணு தப்பான்னு. மேஸ்திரி பிறந்த நாளும் அதுவுமா அவனைத் திட்டாதேன்னு தம்பி சொன்னான். நான் எதுக்குப் பொய் சொல்லணும்? பொய் சொல்றதா இருந்தா சினிமாக்காரன் பிறந்த நாளைச் சொல்ல மாட்டேனா?"

கொக்கியாருக்கு அது உறைத்தது. பொய் சொல்கிறவன் எல்லாருக்கும் தெரிந்ததைச் சொல்லுவான். பஸ்ஸிலும் அப்படித்தான். டிக்கெட் எடுக்காதவன் எப்போதும் பெரிய ஸ்டாப் பெயரைத்தான் சொல்லுவான். ஒருத்தரும் ஏறாத மூலை ஸ்டாப்பைச் சொல்லுகிறவன் உண்மையிலேயே அங்கேதான் ஏறியிருப்பான்.

"பேப்பர் உங்களுக்கு எங்கிருந்து வருது? கடையிலயா?"

"கடையில எவன் வாங்குவான்? பேப்பர் வேன் டிரைவர் விடிகாலையில போற வழியில நிறுத்திச் சவரம் பண்ணிக்குவாரு. வெளியூர்க் கட்டுலேருந்து ஒண்ணை உருவிப் போட்டுட்டுப் போவாரு."

கொக்கியார் மைத்துனனைப் பார்த்தார். மைத்துனனும் அவரைப் பார்த்தான்.

"வெளியூர்க் கட்டுன்னா வேற பேப்பரா?" என்றார் கொக்கியார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நுரை ரெண்டுலயும் நல்லாத்தான் தொடைக்குது."

*

பேப்பர் ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி ஒரு தடி நோட்டை நீட்டினார். பெயர், ஊர், போன், யாரைப் பார்க்க வேண்டும் என்று நாலு கட்டம். மைத்துனன் நாலாவது கட்டத்தில் 'பிப்ரவரி 28' என்று எழுதினான். செக்யூரிட்டி அதைப் படித்துவிட்டு, "அவர் லீவு" என்றார். சிரிக்கிறாரா என்று கொக்கியார் அவர் முகத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அடித்துவிட்டு மறுபடி எழுத வேண்டியிருந்தது.

பழைய பேப்பர்களைச் சேர்த்து வைக்கும் அறை தரைத்தளத்தில் இருந்தது. கதவில் பூட்டு. பொறுப்பாளர் சாப்பிடப் போயிருந்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டே, சாவி இன்னொருவரிடம் இருப்பதாகச் சொன்னார். அந்த இன்னொருவர் வர இன்னும் அரை மணி. பெஞ்சு கிடையாது. கொக்கியார் நின்றுகொண்டே இருந்தார். மாடிப்படி, தண்ணீர்க் குழாய், சுவரில் எண்ணெய்த் தலை சாய்ந்த கறை எல்லாவற்றையும் முறைத்துத் தீர்த்தார். தையல்காரி அங்கே நிற்கிறாள் என்ற நினைப்பு காலுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

பூட்டுத் திறந்தது. இருபத்தெட்டாம் தேதிப் பேப்பரும் கிடைத்தது. அதே பேப்பர். மேஸ்திரி இல்லை.

"இது நகரப் பதிப்பு," என்றார் பொறுப்பாளர். "ராத்திரி ரெண்டு மணிக்கு அச்சாகும். வெளியூர்ப் பதிப்பு பதினொண்ணுக்கே முடிஞ்சுடும். அதை நாங்க சேத்து வைக்கிறதில்ல."

"ஏன்?"

"இடம் இல்ல."

"இவ்வளவு பெரிய கட்டடத்துல ஒரு பேப்பர் வைக்க இடம் இல்லியா?"

"பெரியவரே, என்கிட்ட கோவப்பட்டு என்ன பிரயோஜனம்? கட்டடத்தை நானா கட்டினேன்?"

"அதையும் அந்த மேஸ்திரிதான் கட்டியிருப்பான் மாமா, விடுங்க," என்றான் மைத்துனன்.

கொக்கியார் அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் மூன்றாவது மாடியைக் கை காட்டினான். 'இதே நாளில்' எழுதுகிறவர் அங்கேதான் உட்காருவாராம். லிப்ட் வேலை செய்யவில்லை என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. அன்றைக்கு எதுதான் வேலை செய்தது?

*

மூன்றாவது மாடியில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயசிருக்கும். ஆபீசில் எல்லாரும் அவரை நாள்காரம்மா என்றுதான் சொன்னார்கள். மேஜை மேல் நீளமாக ஒரு மரப்பெட்டி. அதற்குள் நாளுக்கு ஓர் அட்டையாக முன்னூற்று அறுபத்தாறு அட்டை.

கொக்கியார் மேஸ்திரி என்று வாயைத் திறந்ததுமே அந்த அம்மாவுக்கு முகம் சிவந்தது.

"போலீஸ்காரன் போன் பண்ணப்ப நான் இல்ல. பக்கத்து மேஜை பிழை திருத்துறவரு என் பெட்டியைக் கிளறி, இருபத்தொன்பதாம் அட்டையில இருக்குன்னு சொல்லியிருக்காரு. பெட்டியைத் தொடாதேன்னு எத்தனை தடவை சொல்றது? அட்டை எங்க இருக்குங்கிறது வேற, எங்க போடுறதுங்கிறது வேற."

"புரியும்படியாச் சொல்லும்மா."

"இருபத்தொன்பது நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். அன்னிக்குப் பொறந்தவங்க, செத்தவங்க மூணு வருஷம் அனாதையா நிக்கணுமா? மத்த வருஷங்கள்ல பொறந்தவங்களை இருபத்தெட்டுல சேத்துடுவேன். செத்தவங்களை மார்ச் ஒண்ணுல சேத்துடுவேன். இருபது வருஷமா இப்படித்தான்."

"அது ஏன் அப்படி?"

"பிறந்த நாளைக் காக்க வைக்கக் கூடாது. சாவை அவசரப்படுத்தக் கூடாது," என்றார் நாள்காரம்மா. இதுகூடத் தெரியாதா என்பது போலிருந்தது அவர் சொன்ன விதம்.

"அப்ப மேஸ்திரியை இருபத்தெட்டுக்குக் கொடுத்தீங்க."

"கொடுத்தேன். வெளியூர்ப் பதிப்புல வந்தது. நகரப் பதிப்புல வெட்டிட்டாங்க. என்னைக் கேக்காம. கடைசி நேரத்துல ஏதோ விளம்பரம் வந்துச்சாம், கட்டம் பத்தலியாம். எப்பவும் வெட்டுறதுக்கு நான்தான் கிடைக்கிறேன்." இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டுப் பேப்பரை எடுத்துப் போட்டார். "வெட்டுறப்பல்லாம் ரெண்டு பதிப்பையும் எடுத்து வச்சுடுவேன். ஆசிரியர்கிட்ட சண்டை போடுறதுக்கு."

மைத்துனன் பாய்ந்து எடுத்தான். மேல் மூலையில் பிப்ரவரி 28. ஆறாம் பக்கம். 'இதே நாளில்' பத்தியில் ஐந்தாவது வரி: நமது மணிக்கூண்டைக் கட்டிய மேஸ்திரி பிறந்த நாள்.

"மாமா, பொறந்துட்டான்," என்றான்.

கொக்கியார் அவன் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். முகம் மலரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன மாமா?"

"இது மேஸ்திரி பொறந்ததைத்தான் சொல்லுது. அந்தப் பையன் சலூன்ல இருந்ததைச் சொல்லலியே. பேப்பரு நிசம், சரி. பையன் அதைச் சாயந்திரம் வந்து படிச்சான்னு சொல்லுவாரு அந்த இன்ஸ்பெக்டரு. சலூன்காரன் சிநேகிதன்னு ஏற்கெனவே எழுதி வச்சிட்டாரு. எழுதினதை அடிக்க அவருக்குக் கை வருமா?"

ஜன்னலுக்கு வெளியே வெயில் சாய ஆரம்பித்திருந்தது. காலையிலிருந்து ஓடி, ஏறி, நின்று, கையெழுத்துப் போட்டு, கடைசியில் கையில் இருப்பது ஒரு செத்துப்போன மேஸ்திரி.

நாள்காரம்மா இன்னும் தன் கோபத்திலேயே இருந்தார். "பாருங்க, இதுக்குத்தான் என் வரியை வெட்டினாங்க. இந்த ஒரு ஜாண் விளம்பரத்துக்கு," என்று நகரப் பதிப்பை விரித்து விரலால் குத்தினார்.

கொக்கியார் மரியாதைக்காகத்தான் குனிந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்க அவருக்கு நேரமாகும். உதடு அசைய அசைய ஒரு தடவை படித்தார். மறுபடியும் படித்தார்.

"மாப்ளே. இதை நீ படி. சத்தமா."

மைத்துனன் படித்தான். "அறிவிப்பு. தீ விபத்தின் காரணமாக எங்கள் அட்டைப்பெட்டிக் கிடங்கு தற்காலிகமாகக் கீழ்க்கண்ட முகவரியில் இயங்குகிறது. வாடிக்கையாளர்கள் வழக்கம்போல் ஆதரவு தர வேண்டுகிறோம்." நிமிர்ந்தான். "நம்ம கிடங்குதான் மாமா. எரிஞ்சதும் சுறுசுறுப்பா விளம்பரம் கொடுத்திருக்காரு."

"இந்தப் பேப்பரு எத்தனை மணிக்கு அச்சாச்சு?"

"ராத்திரி ரெண்டு மணிக்குன்னு கீழ..." மைத்துனன் பாதியில் நிறுத்திவிட்டான்.

"கிடங்கு எத்தனை மணிக்கு எரிஞ்சுது?" என்றார் கொக்கியார்.

*

விளம்பரப் பிரிவு கிளார்க் வேலை முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தார். கொக்கியார் கதவில் குறுக்கே நின்றார். முப்பது வருஷம் பஸ் படியில் நின்ற உடம்பு. அதைத் தாண்டிப் போவது சுலபமில்லை.

கிளார்க் முனகிக்கொண்டே கோப்பைப் புரட்டி அந்தப் படிவத்தை எடுத்தார். கிடங்கு முதலாளியின் கையெழுத்து. கொடுத்த நாள் பிப்ரவரி இருபத்தைந்து. விளம்பரம் வர வேண்டிய நாள் என்ற கட்டத்தில் நீல மையில் 29. அதைச் சிவப்பு மையில் அடித்து 28 என்று மாற்றியிருந்தது.

"இது யாரு மாத்துனது?"

"நான்தான். இருபத்தேழாம் தேதி ராத்திரி, வெளியூர்ப் பதிப்பு போனதுக்கு அப்புறம்தான் பாத்தேன். இருபத்தெட்டுக்கு அடுத்த நாள்னு கணக்குப் போட்டு இருபத்தொன்பதுன்னு எழுதிட்டாரு போல. நிறைய பேரு இப்படித்தான். முப்பது நாள் மாசத்துக்கு முப்பத்தொண்ணுன்னு எழுதுவாங்க. நாங்க மாசக் கடைசி நாள்ல போட்டுடுவோம்."

"அடுத்த நாள் போட்டா என்ன?"

"ஒரு நாள் முன்னாடி வந்தா எவனும் சண்டைக்கு வர மாட்டான். ஒரு நாள் லேட்டானா மேஜையைக் கவுத்துடுவான்."

"ஏன் சார், தீ விபத்துன்னு போட்டிருக்கே. எங்க, எப்பன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?" என்றான் மைத்துனன்.

"நாங்க விளம்பரத்தை அளக்கிறதோட சரி. படிக்கிறதில்ல. கிடங்கு வச்சிருக்கிற ஆளு தீ விபத்துன்னா தீ விபத்து." கிளார்க் பையைத் தோளில் மாட்டினார். பிறகு என்னவோ நினைத்துக்கொண்டு, "தேதி மாத்தினதுக்குச் சண்டைக்கு வராத ஒரே ஆளு இவருதான். இருபத்தெட்டு காலையில போன் பண்ணினாரு. இன்னிக்கே போட்டுட்டீங்களான்னு மட்டும் கேட்டாரு. ஆமான்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சரிங்கன்னு வச்சுட்டாரு. நல்ல மனுஷன்னு நெனச்சேன்," என்றார்.

*

இன்ஸ்பெக்டர் விளம்பரத்தைப் படித்தார். படிவத்தைப் படித்தார். தன் கோப்பிலிருந்த பேப்பரை எடுத்து ஆறாம் பக்கத்தைப் பிரித்தார். அதிலும் அதே விளம்பரம், அதே இடத்தில்.

"நானே இதைப் பாத்தேன்யா," என்றார். குரல் இறங்கிவிட்டது. "அன்னிக்கு மத்தியானம் பாத்தேன். பாவம், எரிஞ்ச அன்னிக்கே எவ்வளவு பொறுப்பா விளம்பரம் கொடுத்திருக்காரேன்னு நெனச்சேன்."

"ஊரே அப்படித்தான் நெனச்சிருக்கு. எரியறதுக்கு முன்னாடியே இது அச்சாயிடுச்சுன்னு எவனுக்கும் தோணல. தீயைப் பத்திக் காது வழியா கேட்டுட்டு, அப்புறம்தான் பேப்பரைப் பிரிச்சிருக்கு," என்றார் கொக்கியார். "காலையிலயே ரெண்டு பதிப்பு இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா எனக்கு மூணு மாடி மிச்சம்."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்தார். இரண்டு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு, ஜீப்பை எடுக்கச் சொன்னார். கிடங்கு முதலாளி இப்போது இருக்கும் இடத்தைக் கேட்ட கான்ஸ்டபிளிடம், விளம்பரத்திலேயே இருக்கிறது என்று எரிந்து விழுந்தார்.

பையனை விடுவதற்கும் நேரமாயிற்று. கையெழுத்து வாங்கும் நோட்டைத் தேடினார்கள். நோட்டு கிடைத்தது, பேனா எழுதவில்லை. மைத்துனன் தன் பேனாவைக் கொடுத்து, "இதையும் சாட்சிப் பொருளா வச்சுக்காதீங்க" என்றான். கூப்பிடும்போது வர வேண்டும் என்று மூன்று தடவை சொன்னார்கள். மூன்று தடவையும் பையன் தலையாட்டினான்.

அவன் வெளியே வந்தபோது தையல்காரி ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. கிட்டே போய், தோளிலிருந்து மணிக்கட்டு வரை அவன் கையைத் தடவிப் பார்த்தாள். அடித்திருக்கிறார்களா என்று பார்க்கிறாள். சட்டைக்குத் துணி அளக்கிற மாதிரியே இருந்தது. இரண்டாவது கையையும் பார்த்து முடித்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"அக்கா, அழாதே," என்றான் பையன். பிறகு கொக்கியார் பக்கம் திரும்பினான். "ஐயா, வாட்ச்மேன் எப்படி இருக்காரு? உள்ள யாரைக் கேட்டாலும் சொல்ல மாட்டேங்கிறாங்க. நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து தினமும் அவரோடதான் சாப்பிட்டேன்."

காலையிலிருந்து கொக்கியார் செத்துப்போன மேஸ்திரியைப் பற்றி எத்தனை பேரிடம் விசாரித்திருக்கிறார். உயிரோடு கிடக்கிற அந்த ஆளைப் பற்றி ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மைத்துனன் ஏதாவது சொல்லுவான் என்று பார்த்தார். அவன் செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துவிட்டான்.

"தெரியலப்பா," என்றார் கொக்கியார். "வா, நேர்ல போய்ப் பாப்போம். ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸுன்னு எனக்குத் தெரியும்."